வயல் வழியில் ஓடும் மோட்டார் சைக்கிளைப் பேணும் முறை

(செட்டிகுளம் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)

கமக்காரப் பெருமக்களே,

முன்னாளில் எருதும் வண்டிலும் செய்த வேலையிற் பெரும்பகுதியை இன்று மோட்டார் சைக்கிள் செய்து வருகின்றது என்பது நீங்கள் யாவரும் அறிந்ததே. விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கச் செல்வதும், யூரியாப் பையை ஏற்றிவருவதும், கத்தரி, மிளகாய், பயற்றங்காய் முதலியவற்றைச் சந்தைக்குச் சேர்ப்பதும் அதுவே. எருதுக்குத் தண்ணீர் காட்டி வைக்கோல் போட்ட பின்னரே உணவு கொண்ட நாம், இயந்திரத்துக்குப் பெற்றோல் ஊற்றினாற் போதுமென எண்ணிவிடுகின்றோம். இவ்வெண்ணமே பல விபத்துகளுக்குக் காரணமாகின்றது.

ஒஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிற் பண்ணை வேலைக்கென்றே ஆக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் உண்டு. அவற்றின் ரயர்கள் சேற்றைப் பற்றிக்கொள்ளும் ஆழ்ந்த வெட்டுகள் உடையவை. நிறுத்தும் தாங்கி இருபக்கமும் இருக்கும். நம்மிடமுள்ளவையோ பெரும்பாலும் தார் வீதிக்கென ஆக்கப்பட்டவை. அவற்றை நாம் மன்னார் வீதியிலிருந்து இறக்கிக் குளக்கட்டிலும், வாய்க்கால் ஓரத்திலும், காட்டுப் பாதையிலும் ஓட்டுகின்றோம். ஆகவே, வீதிக்கெனக் கைநூலிற் குறித்த கால எல்லைகள் நமக்குப் போதா. புழுதியிலும் சேற்றிலும் ஓடும் வண்டியை அவற்றினும் அடிக்கடி பார்த்தல் வேண்டும்.

புறப்படுமுன் பார்க்கவேண்டியவை

இதற்கு ஐந்து நிமிடம் போதும். முதலாவது பிறேக். இயந்திரத்தை ஓடவிடாது வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டே முன் பிறேக்கையும் பின் பிறேக்கையும் தனித்தனியே அழுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றும் சில்லை உடனே நிறுத்தவேண்டும். பிறேக் பிடி கைப்பிடியைத் தொடுமளவுக்கு அமுங்குமாயின், திருத்திய பின்னரன்றி வண்டியை எடுக்கலாகாது. இருபுறமும் சரிவான குளக்கட்டில், பின்னால் ஒருவரையும் ஏற்றிச் செல்கையில், பிறேக் பிடியாது போனால் ஒதுங்க இடமில்லை என்பதை நினைவிற் கொள்வீர்களாக.

இரண்டாவது ரயர். விடத்தல் முள்ளும் ஆணியும் ஏறியுள்ளனவா, பக்கங்களில் வெடிப்பு உண்டா எனப் பாருங்கள். காற்றின் அளவு கைநூலிலோ வண்டியில் ஒட்டியுள்ள தாளிலோ குறிக்கப்பட்டிருக்கும். தனியே செல்வதற்கு ஓரளவும், பாரத்துடன் செல்வதற்கு வேறோரளவும் உண்டு. சில்லுக் கம்பிகளை விரலால் தட்டுக. தளர்ந்த கம்பி வேறு ஓசை தரும்.

மூன்றாவது எண்ணெய். வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி நிறுத்தி, இயந்திரம் நின்று சில நிமிடம் சென்றபின் அளவு பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. உடனே மாற்றவேண்டும்.

நான்காவது விளக்கு. முன் விளக்கு, பின் விளக்கு, பிறேக் விளக்கு மூன்றும் எரிகின்றனவா எனப் பார்ப்பது அவசியம். பொழுதுபட்டபின் நம் பாதைகளில் மாடும் காட்டு யானையும் நிற்பதுண்டு.

வாரம் ஒருமுறை

சங்கிலியை மண்ணெண்ணெயாற் கழுவித் துடைத்துக் கியர் எண்ணெய் இடுக. அது அளவுக்கு மிஞ்சித் தொய்ந்தாற் கழன்று பின் சில்லை இறுக்கிவிடும். மிக இறுகினால் அச்சும் பற்சில்லும் தேயும். பல சிறு வண்டிகளுக்கு நடுவில் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரையான அசைவு பொருந்தும். எனினும் கைநூலில் உள்ள அளவே முடிவானது. இயந்திரத்தை ஓடவிட்டுச் சங்கிலியைத் துடைத்தல் ஒருபோதும் ஆகாது. துணி சிக்கினால் விரலும் உடன் செல்லும். பிறேக், கிளச் கம்பிகளில் ஓரிழையேனும் அறுந்திருந்தால் அக்கம்பியை மாற்றுக.

போகத்துக்கேற்ற கவனம்

ஆவணி, புரட்டாதி மாதங்களிற் புழுதி மிகும். காற்று வடிகட்டி அடைபட்டால் இயந்திரத்துக்குக் காற்றுக் குறையும், பெற்றோல் கூடுதலாகச் செலவாகும், இழுவையும் குன்றும். பஞ்சுபோன்ற வடிகட்டியாயின் மண்ணெண்ணெயிற் கழுவி, முறுக்காது பிழிந்து, காயவைத்து, கைநூல் கூறுமாறு எண்ணெய் தோய்த்துப் பூட்டுக. கடதாசி வடிகட்டியைக் கழுவலாகாது, புதியதே இடவேண்டும்.

காலபோக மழையில் வாய்க்காலைக் கடந்தபின் பிறேக் வலுக்குன்றும். மெதுவாக ஓடிக்கொண்டே சிறிது தூரம் இலேசாக அழுத்தினால் அது காயும். ஆழம் தெரியாத ஓடும் நீரில் இறங்காதீர்கள். நீரில் இயந்திரம் நின்றுவிட்டால், உதைத்து இயக்க முயலாது, வெளியே தள்ளிவந்து பிளக்கைக் கழற்றி நீர் புகுந்துள்ளதா எனப் பார்க்கவேண்டும். சேற்றையும் உரத்தூளையும் அன்றன்றே கழுவிவிடுக. உரத்தூள் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். ஆனாற் குளத்திலோ வாய்க்காலிலோ வண்டியைக் கழுவுவதும், பழைய எண்ணெயை அங்கு ஊற்றுவதும் தகா. அந்நீரே நம் பயிருக்கும் மாட்டுக்கும் செல்வது.

பாரமும் பெற்றோலும்

அறுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவர், ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள தம் மனைவியையும், அதேயளவு உரப்பையையும் ஏற்றினால் மொத்தம் 160 கிலோகிராம் ஆகின்றது. இது பல சிறு வண்டிகள் தாங்கும் எல்லையைக் கடந்தது. இரு தடவை செல்வதே நன்று. மண்வெட்டியின் அலகைச் சாக்கினாற் சுற்றிக் கட்டுக. பூச்சிநாசினியை உணவுப் பொருளுடன் ஒரே பையிற் கொண்டுவராதீர்கள். சேலைத் தலைப்பும் குழந்தையின் பாதமும் சில்லினுட் சிக்காதபடி காப்புத் தகடு பூட்டுதல் இன்றியமையாதது. தலைக்கவசம் பொலிசாருக்காக அன்று, தலைக்காக அணிவது. வயலுக்குப் போகும் குறுகிய தூரத்துக்கும் அது வேண்டும்.

2022ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாட்டின்போது பெற்றோலைக் கலன்களில் வீட்டினுட் சேர்த்து வைக்கும் பழக்கம் பரவியது. அப்பழக்கம் உள்ளவர்கள் இனியேனும் அதனைக் கைவிடவேண்டும். பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது. தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டும். அடைத்த கொட்டிலினுள் இயந்திரத்தை ஓடவிடுவதும் கூடாது. மணமற்ற காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உயிரைக் கவரும்.

கமக்காரப் பெருமக்களே, விதைப்புக் காலத்தில் வண்டி மூன்று நாள் நின்றால் வேலை பிந்தும். வண்டியோடு நீங்களும் வைத்தியசாலையிற் படுத்தால் ஒரு போகமே போய்விடும். மழைக்கு முன் வரம்பு கட்டும் நீங்கள், பயணத்துக்கு முன் பிறேக்கைப் பார்ப்பதையும் அவ்வாறே வழக்கமாக்கிக் கொள்வீர்களாக.