நித்தியகல்யாணியை வளர்ப்போம்

மடகாஸ்கர் தீவில் தோன்றிய நித்தியகல்யாணி, வறட்சியைத் தாங்கி ஆண்டு முழுவதும் பூக்கும் பல்லாண்டுச் செடியாகும். வெயில் படும் இடத்தில், நீர் தேங்காத மேட்டுப் பாத்தியில் நடுங்கள். வேரூன்றிய பின்னர், மண் காய்ந்ததும் நீரூற்றினாற் போதும். மிகுந்த நீர் வேரை அழுகச் செய்யும். நுனியைக் கிள்ளிவிட்டால் செடி அடர்ந்து தழைக்கும்.

ஆனால் இச்செடி நஞ்சுடையது. இதிலுள்ள வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் ஆகியவை புற்றுநோய் மருந்துகளாவது உண்மையே. எனினும் அவை பிரித்தெடுக்கப்பட்டு, மருத்துவரால் அளவறிந்து செலுத்தப்படுபவை. நீரிழிவு தீருமென்று இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பது உயிருக்கே கேடாகலாம். குழந்தைகளும் ஆடுமாடுகளும் இதனைத் தின்னாதவாறு காத்திடுங்கள்.

முற்றத்து மலர் கண்ணுக்கு விருந்தாகட்டும், வாய்க்கு வேண்டா.