அவசர சிகிச்சையில் முதலிடம் யாருக்கு?

(கல்முனையில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



முறைவைத்து நீர் பாய்ச்சுவது பற்றி உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் கல்லோயா நீர் வரும்போது, இன்ன நாள் இன்ன கண்டத்துக்கு என்று வட்டவிதானையார் முறை கட்டிவிடுகிறார். செல்வாக்குள்ளவர் இரவோடிரவாக மடையைத் திறந்துகொண்டால் கடைமடைக்காரனின் பயிர் கருகும் என்பதை அறிந்தே நம் முன்னோர் இம்முறையை வகுத்தனர். பயிருக்கு முறை வகுத்த நாம், உயிருக்கு முறை வகுத்திருக்கிறோமா? இதுவே இன்று நாம் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

முந்தி வந்தவரா, மோசமானவரா?

கடையிலும் கந்தோரிலும் முந்தி வந்தவருக்கு முதலிடம் என்பது நீதியே. ஆனால், அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த நீதி அநீதியாகிவிடும். தடிமனுக்கு மருந்தெடுக்க விடியற்காலையில் வந்தவர் முன்னே நிற்க, வயலில் கண்ணாடி விரியன் தீண்டிய உழவன் பின்னே நிற்பது எவ்விதம் நியாயமாகும்?

பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியனின் படை வைத்தியரான லாரே, காயம்பட்டவன் அதிகாரியா சிப்பாயா என்று பாராமல், எவன் நிலை மோசமோ அவனுக்கே முதற் சிகிச்சை என்ற முறையைப் போர்க்களத்தில் நடத்திக் காட்டினார். அந்த முறையே இன்று உலகெங்கும் அவசர சிகிச்சையின் அடிப்படை. அவுஸ்திரேலியாவில் நோயாளரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கின்றனர். முதல் வகுப்பினரை உடனே பார்க்க வேண்டும். மற்றோரை முறையே 10, 30, 60, 120 நிமிடங்களுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். வாசலிலேயே பயிற்சி பெற்ற தாதி ஒருவர் மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றைச் சோதித்து வகுப்பைத் தீர்மானிக்கிறார். காத்திருப்போரையும் இடையிடையே மீண்டும் பார்க்கிறார். ஏனெனில், காலையில் நான்காம் வகுப்பில் இருந்தவர் நண்பகலில் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிடக் கூடும்.

நெஞ்சுவலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். மூளையில் இரத்தக் கட்டி அடைத்து வந்த பாரிசவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். விரியன் தீண்டியவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்க வேண்டும். இந்நேரங்கள் யாருடைய வரிசைக்காகவும் காத்திரா.

வடிச்சல் அடைபட்டால்

ஆனால், தரம் பிரிப்பதால் மட்டும் நெரிசல் தீர்ந்துவிடாது. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 12 பேர் வந்து, ஒவ்வொருவரும் சராசரி 3 மணித்தியாலம் தங்கினால், எந்நேரமும் 36 பேர் உள்ளே இருப்பர். தங்கும் நேரத்தை 2 மணியாகக் குறைத்தால் 24 பேரே இருப்பர். ஒரு கல்லும் வைத்துக் கட்டாமல் 12 பேருக்கு இடம் கிடைத்துவிடுகிறது! இந்த விதியை 1961 இல் ஜோன் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் கணித முறையில் நிறுவினார்.

அப்படியாயின் நோயாளர் ஏன் நெடுநேரம் தங்குகின்றனர்? பல வேளைகளில் வைத்தியர் பார்த்து முடித்த பின்னரும், வாட்டில் கட்டில் இல்லாமையால் அங்கேயே கிடக்கின்றனர். வாட்டிலோ, சுகமானவர் துண்டு வெட்டப்படாமல் மாலைவரை காத்திருக்கிறார். வடிச்சல் வாய்க்கால் அடைபட்டால் மேல்வயல் மூழ்குவதுபோல, வாட்டின் தாமதம் வாசலில் நெரிசலாகிறது. ஆகவே, வீடு செல்லக்கூடியவரை நண்பகலுக்கு முன் அனுப்புவதும் அவசர சிகிச்சையின் பகுதியே.

விபத்துக்கு நாம் நேரம் குறிக்க முடியாது. ஆனால், நீரிழிவு, இரத்த அழுத்தக் கிளினிக்குகளுக்கு நேரம் குறிக்க முடியும். எல்லோரையும் ஒரே விடியலில் வரச் சொல்லாது, மணிக்கு இத்தனை பேர் என்று பகிர்ந்தால் வைத்தியரின் கை ஓயும். எந்த மணியில் கூட்டம் பெருகும் என்பதைப் பழைய பதிவேடுகளே சொல்லும். அதற்கேற்பக் கடமை முறையை அமைத்தல் வேண்டும்.

மணிக்கூட்டை மட்டும் நம்புவதும் தவறு. இங்கிலாந்தில் 2004 ஆம் ஆண்டளவில் எவரும் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் தங்கலாகாது என்று இலக்கு வைத்தனர். காத்திருப்பு குறைந்தது மெய்யே. எனினும், கெடு முடியும் கடைசி நிமிடங்களில் பலரை அவசரமாக வாட்டுக்குத் தள்ளும் வழக்கமும் கூடவே வளர்ந்தது.

ஓர் ஊர், இரு வைத்தியசாலை

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒரே ஊரில் அமைந்துள்ளன. இரண்டிலும் நோயாளி வலியைச் சொல்வது தமிழில்தான். ஒன்றில் நெரிசல் மிகுந்தபோது மற்றதில் கட்டில் உண்டா, சத்திரசிகிச்சை நிபுணர் உண்டா என்பது இரு தரப்புக்கும் உடனுக்குடன் தெரிந்திருத்தல் வேண்டும். 1990 அம்புலன்ஸ் வண்டிக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் வந்த கடல் எவருடைய இனத்தையும் கேட்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். அத்தகைய நாளில் முறை வகுக்க நேரம் இராது. முன்னரே வகுத்து ஒத்திகை பார்த்த முறைதான் கைகொடுக்கும்.

எனவே நாம் கேட்பவை நான்கு: வாசலில் எந்நேரமும் பயிற்சி பெற்ற தாதி, வகுப்பையும் காத்திருக்கும் நேரத்தையும் எல்லோரும் காணத் தமிழில் எழுதிய பலகை, நண்பகலுக்கு முன் துண்டு வெட்டும் ஒழுங்கு, இரு வைத்தியசாலைகளுக்கும் பொதுவான கட்டில் விவரம்.

அரசாங்கத்தைக் கேட்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. தெரிந்த பெரிய மனிதரிடம் சிபாரிசு பெற்று முந்துவது, இரவில் பிறன் மடையை உடைப்பதற்கு ஒப்பாகும். அங்கே கருகுவது பயிர். இங்கே போவது உயிர். உத்தியோகத்தர்களே, அந்தத் தொலைபேசி அழைப்பை எடுக்காதீர்கள்! விவசாயிகளே, முறையின் அருமை அறிந்த நீங்களே இதற்கும் முன்னிற்க வேண்டும்!