இது உங்க வண்டி, மிஸ்

இந்த எபிசோடுக்குக் கூப்பிட்டப்போ என்கிட்ட முதல்ல கேட்ட கேள்வி, "சின்னப் பசங்களுக்கு டெக்னாலஜி சொல்லித் தர்றீங்களாமே, கோடிங்கா?" இல்லைங்க. அட்டைப் பெட்டி, கத்தரிக்கோல், டேப். அவ்வளவுதான் என் டெக்னாலஜி.

நான் வேலையில ஒரு பொருள் வடிவமைப்பாளர். டப்பா மூடி எப்படித் திறக்கணும், கைப்பிடி எவ்வளவு தடிமனா இருக்கணும்னு யோசிச்சுச் சம்பளம் வாங்குற ஆள். நாலு வருஷமா வாரத்துல ஒரு மதியம் வட சென்னையில ஒரு ஆரம்பப் பள்ளிக்குப் போறேன். ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்க. முதல் நாள் கத்தரிக்கோலைக் கொடுத்துட்டு, எப்படிப் பிடிக்கணும், எப்படி அடுத்தவங்ககிட்ட நீட்டணும்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு பையன் தன்னோட ஐடி கார்டு கயிறை வெட்டிட்டான். கோபத்துல இல்லை, ஆராய்ச்சியில. வெட்டுமான்னு பார்த்திருக்கான். வெட்டுச்சு.

அன்னைக்கு இன்னொண்ணும் நடந்தது. ஒரு பொண்ணு அட்டையை வெட்ட வெட்ட அது மடங்கிக்கிட்டே போகுது. "அழுத்திப் பிடிம்மா, சரியா பிடிம்மா"ன்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். பத்து நிமிஷம் கழிச்சுத்தான் கவனிச்சேன், அவ இடது கைப் பழக்கம். சாதாரணக் கத்தரிக்கோலோட அலகு வலது கைக்குத்தான் அமைச்சிருக்கும். இடது கையில பிடிச்சா விரல் அழுத்துறப்போ ரெண்டு அலகும் விலகும், காகிதம் நடுவுல மடங்கும். தப்பு கத்தரிக்கோல்ல இருக்கு, திட்டு வாங்கினது அவ. அடுத்த வாரம் இடது கைக் கத்தரிக்கோல் ரெண்டு வாங்கிட்டுப் போனேன். இந்தப் பொண்ணை ஞாபகம் வச்சுக்கங்க. பேர் சொல்லப் போறதில்லை, ஆனா கதை அவளோடதுதான்.

நம்ம எல்லாருமே பள்ளியில 'கிராஃப்ட்' பண்ணியிருப்போம். டீச்சர் ஒரு வாத்து வரைஞ்ச காகிதம் கொடுப்பாங்க. நாப்பது பேரும் கோட்டு மேலேயே வெட்டி, சொன்ன இடத்துல மஞ்சள் அடிச்சு, சொன்ன இடத்துல கண் ஒட்டுவோம். சுவர்ல நாப்பது வாத்து. அதுல எது நம்ம வாத்துன்னு நமக்கே தெரியாது. கை பழகும், ஒத்துக்கறேன். ஆனா அந்த நாப்பது வாத்துலயும் ஒரு முடிவுகூடக் குழந்தை எடுத்தது கிடையாது.

இங்கிலாந்துல 'டிசைன் அண்ட் டெக்னாலஜி'யை 1990-ல பாடத்திட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. அஞ்சு வயசுலயே ஆரம்பிக்கிற பாடம். அங்க 2014-ல இருந்து நடப்புல இருக்கிற பாடத்திட்டத்துல அஞ்சுல இருந்து ஏழு வயசு வரைக்குமான பகுதி ரொம்பச் சின்னது, ஒரு பக்கம் தேறுமான்னு சந்தேகம். யாருக்காகன்னு யோசி, செய், செஞ்சதைச் சோதிச்சுப் பாரு. அதோட நெம்புகோல், சக்கரம், அச்சு மாதிரி சில விஷயங்கள். அதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் பொறாமையா இருந்தது. நான் காலேஜ் போய், பணம் கட்டி, இருபது வயசுல கத்துக்கிட்ட வரிசை அது.

ஒண்ணு மட்டும் அனுபவத்துல மாத்திக்கிட்டேன். பெரியவங்க முதல்ல வரைவோம், அப்புறம் செய்வோம். ஆறு வயசுக் குழந்தையை "முதல்ல டிசைன் வரை"ன்னு உட்கார வச்சா வானவில், சூரியன், அம்மா, அப்பா எல்லாம் வரும், ஓரத்துல ஒரு வண்டியும் வரும். அழகா இருக்கும், அதை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. பொருள் கையில வந்து, மடிச்சு, கிழிச்சு, கவுத்துப் பார்த்த பிறகுதான் அந்த வயசுக்கு யோசனையே வருது. அதனால நாங்க செஞ்சு முடிச்சுட்டு வரைவோம்.

இப்போ வண்டிக்கு வர்றேன்.

பள்ளி வளாகத்துலயே ஒரு அங்கன்வாடி இருக்கு. போன வருஷம் ரெண்டாம் வகுப்புக்கு நான் கொடுத்த வேலை இதுதான்: அங்கன்வாடிப் பிள்ளைங்க கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போற மாதிரி ஒரு வண்டி. முதல்ல போய் அந்தக் குட்டிப் பசங்களைப் பார்க்கணும், என்ன பிடிக்கும்னு கேட்கணும். மூணு வயசுக்காரங்ககிட்ட ஏழு வயசுக்காரங்க பேட்டி எடுக்கிறதைப் பார்க்கக் கண் கோடி வேணும். "உனக்கு என்ன வண்டி வேணும்?" "மிட்டாய்." "மிட்டாய் இல்ல, வண்டி." "மிட்டாய்." இப்படியே போச்சு. இடது கைப் பொண்ணுக்குக் கிடைச்ச குட்டிப் பையன் மட்டும் தெளிவா இருந்தான். அவனுக்குக் குதிரை வேணும்.

முதல் வாரம் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செஞ்சாங்க. ஒவ்வொரு வருஷமும் செய்றாங்க. அட்டையில சக்கரம் வெட்டி, பெட்டியோட பக்கத்துல பசை போட்டு ஒட்டிடுவாங்க. பார்க்க வண்டிதான், இழுத்தா தரையில தேய்ச்சுக்கிட்டு வரும். இந்த இடத்துலதான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். ரொம்பக் கஷ்டம். பதில் நாக்கு நுனியில நிக்கும். ஒரு பையன் தன் வண்டியைக் கவுத்துப் போட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "சக்கரம் ஒட்டிக்கிச்சு மிஸ், அதான் சுத்த மாட்டேங்குது"ன்னான். ஒட்டினது அவனே.

நான் கொண்டு போய்க் காட்டினது ஒரு நுங்கு வண்டி. கிராமத்துல வளர்ந்தவங்களுக்குத் தெரியும். நுங்கு தின்ன கூந்தல் ரெண்டு, நடுவுல ஒரு குச்சி, அந்தக் குச்சியை ஒரு கவட்டைக் கம்பால தள்ளிக்கிட்டே ஓடுவோம். அதுல சக்கரம் குச்சியோட இறுக்கமா இருக்கும். குச்சி மட்டும் கவட்டைக்குள்ள சும்மா சுத்தும். எங்கேயாவது ஒரு இடத்துல விட்டுக் கொடுத்தாத்தான் வண்டி ஓடும். சென்னைப் பசங்க பாதிப் பேர் நுங்கை பிளாஸ்டிக் கவர்லதான் பார்த்திருக்காங்க. ஆனா பத்து நிமிஷம் தள்ளி விளையாடினதுல புரிஞ்சிடுச்சு.

அச்சுக்கு மூங்கில் குச்சி. அது சுத்துறதுக்கு ஒரு குழாய் வேணுமே? பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தமிழ்நாட்டுல 2019-லயே தடை வந்தாச்சு. பள்ளி வாசல்ல ஒரு பப்பாளி மரம். இலைக் காம்பு உள்ள ஓட்டையா இருக்கும்ல, அதை வெட்டி வச்சோம். அருமையா சுத்துச்சு. ரெண்டு நாள்ல வாடிச் சுருங்கி அச்சை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் நியூஸ் பேப்பரைச் சுருட்டிக் குழாய் பண்ணினோம். சக்கரத்துல நடுவுல ஓட்டை போடக் காகித வட்டத்தை ரெண்டு தடவை பாதியா மடிச்சா மடிப்பு ரெண்டும் வெட்டிக்கிற இடம்தான் நடு. அட்டைக்கு அடியில களிமண் உருண்டை வச்சுப் பென்சிலால குத்தினா கையில குத்தாது.

மூணாவது வாரம், வண்டிகள் ஏறக்குறைய முடிஞ்ச நிலை. அடுத்த நாள் பள்ளியில கண்காட்சி, பெரிய ஆளுங்கெல்லாம் வர்றாங்க. நான் சாயங்காலம் தங்கி மேசையை அடுக்கிக்கிட்டிருந்தேன். எல்லாம் டேப் பிதுங்கி, கோணலா, அழுக்கா இருந்தது. எனக்குக் கூச்சமா இருந்தது. பிள்ளைங்களுக்காக இல்லை, எனக்காக. 'நாலு வருஷமா இதைத்தான் சொல்லித் தர்றீங்களா'ன்னு யாராவது நினைச்சிடுவாங்களோன்னு. அஞ்சாறு வண்டியில கை வச்சேன். அந்தப் பொண்ணோட வண்டிதான் இருக்கிறதுலயே மோசம். முன் சக்கரம் ரெண்டுலயும் ஓட்டை நடுவுல இல்லாம விளிம்புக்கிட்ட இருந்தது. புதுசா சக்கரம் வெட்டி, சரியா நடுவுல ஓட்டை போட்டு, ஹாட் குளூ வச்சு ஒட்டி, கலர் பேப்பர் சுத்தினேன். வழுக்கிக்கிட்டு ஓடுச்சு.

காலையில வந்தா. மேசை முழுக்கத் தேடினா. "என் வண்டி எங்க மிஸ்?" காட்டினேன். எடுத்து ஒரு தடவை உருட்டிப் பார்த்துட்டுத் திருப்பி வச்சா.

"இது உங்க வண்டி, மிஸ்."

அப்புறம்தான் சொன்னா. அவளோடது ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகுமாம். குதிரை மாதிரி. முதல்ல ஓட்டை தெரியாமத்தான் தள்ளிப் போச்சாம். உருட்டினப்போ குதிச்சிருக்கு. அதைப் பார்த்துட்டு இன்னொரு சக்கரத்தையும் வேணும்னே அதே மாதிரி குத்தியிருக்கா. அச்சு நடுவுல இல்லாத சக்கரம் சுத்துறப்போ வண்டி மேலயும் கீழயும் போகும். இன்ஜின்ல கேம் வேலை செய்றதும் இந்த விஷயத்தை வச்சுத்தான். ஏழு வயசுல ஒரு தப்புல இருந்து அதைக் கண்டுபிடிச்சு, தனக்கு வேணும்னு முடிவு பண்ணி வச்சிருக்கா. நான் அதை ரிப்பேர் பண்ணிட்டேன்.

அன்னைக்கு விருந்தினர் ஒருத்தர் அவகிட்ட வந்து "இது எப்படிம்மா ஓடுது?"ன்னு கேட்டார். அவ பேசவே இல்லை.

அவங்க அப்பாவும் வந்திருந்தார். தச்சு வேலை செய்றவர். வண்டியை எடுத்து அடியில திருப்பிப் பார்த்தார், ஒட்டின இடத்தைக் கட்டைவிரலால தடவினார். "இது பெரியவங்க கை மேடம்"னார், அவ்வளவுதான். நான் ஒத்துக்கிட்டேன். அவர் அதுக்காகக் கோபப்படலை. அவர் கோபம் வேற. "நான் உளி பிடிச்சது போதும்னுதான் இவளை அனுப்புறேன். இங்கயும் வெட்டு, ஒட்டுன்னா எப்படி? அந்த நேரத்துல இங்கிலீஷ் சொல்லித் தரலாமே."

இந்த ஊர்ல இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. கேட்டுக்கிட்டிருக்கிற சின்ன வயசுக்காரங்களுக்காகச் சொல்றேன். 1953-ல ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்போ கிராமத்து ஆரம்பப் பள்ளிகள்ல வகுப்பு நேரத்தை மூணு மணி நேரமாக் குறைச்சு, மிச்ச நேரம் குழந்தைங்க வீட்டுல அப்பா அம்மாவோட தொழிலைக் கத்துக்கட்டும்னு ஒரு திட்டம் கொண்டு வந்தார். செருப்பு தைக்கிறவர் பிள்ளை செருப்பு தைக்கணும், பானை செய்றவர் பிள்ளை பானை செய்யணும். 'குலக்கல்வி'ன்னு பேர் வச்சுப் பெரியாரும் திமுகவும் பெரிய போராட்டம் நடத்தினாங்க. 1954-ல காமராஜர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கோபம் நியாயமான கோபம். அதனாலதான் நம்ம ஊர்ல படிச்ச பிள்ளைன்னா கையில பேனா மட்டும் இருக்கணும்னு ஆயிருக்கு.

நான் அவர்கிட்ட விளக்கம் சொல்லிப் பார்த்தேன். இது தொழில் பழக்கறது இல்லைங்க, என்ன செய்யணும்னு இங்க அவதான் முடிவு பண்றா, அதுதான் பாடம்னு. சொல்லிக்கிட்டிருக்கும்போதே, ராத்திரி நான் பண்ணின வேலை முன்னாடி மேசையில உட்கார்ந்திருக்கு. கலர் பேப்பர் சுத்தி.

அவர் கேட்டார், "பெரிய ஸ்கூல்லயும் இதைச் சொல்லித் தர்றாங்களா?" ஆமா, மேக்கர் ஸ்பேஸ், ரோபோடிக்ஸ் லேப்னு வச்சிருக்காங்க, தனியா ஃபீஸ் வாங்குறாங்கன்னு உற்சாகமா சொன்னேன். தலையாட்டினார். "அங்க படிச்சா இன்ஜினியர் ஆவாங்க. இங்க படிச்சா?"

எனக்குப் பதில் வரலை. பள்ளியில ஒரு மதியம் அட்டை வெட்டுறதால அவர் பொண்ணுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைச்சிடும்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? இங்கிலீஷ் வேணும்கிறதும் உண்மைதான். அந்த மதியத்தை எந்தப் பாடத்துல இருந்து எடுக்கிறேன்னு அதுக்கு முன்னாடி நான் யோசிச்சதே இல்லை. இப்போ தலைமை ஆசிரியைகிட்டப் பேசி, கடைசிப் பீரியடும் அதுக்கு அப்புறம் அரை மணி நேரமும்னு மாத்தியிருக்கேன்.

கண்காட்சிக்கு அடுத்த வாரம் அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். பெருசா கண்டுக்கலை. புது அட்டை எடுத்து, இடது கையால, மறுபடியும் ரெண்டு சக்கரம் வெட்டினா. ஓட்டை விளிம்புக்கிட்ட. இந்தத் தடவை ரொம்ப விளிம்புக்கிட்டப் போயிட்டதால வண்டி குதிக்கலை, கவுந்துச்சு. கொஞ்சம் உள்ள தள்ளிக் குத்தினா. மூணாவது ஜோடியில சரியா வந்தது. அங்கன்வாடிப் பையன் கயிறைப் பிடிச்சு ஒரே இழுப்பு, அட்டை கிழிஞ்சு கயிறு மட்டும் அவன் கையில. கயிறு கட்டுற இடத்துல ரெண்டு அட்டையைச் சேர்த்து ஒட்டிக் கொடுத்தா. ஒட்டுறப்போ ஒரு அட்டையோட நெளிவு நீளவாக்குல, இன்னொண்ணு குறுக்குவாக்குல. யார் சொல்லித் தந்தாங்கன்னு கேட்டேன். "எங்க அப்பா பலகையை அப்படித்தான் வைப்பாரு"ன்னா. பிளைவுட்டோட கதை அதுதான்.

இந்த வருஷம் நான் யார் வண்டியையும் தொடலை. கண்காட்சியில முதல் தடவை செஞ்ச ஓடாத வண்டியும் கடைசியா செஞ்சதும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், அழுக்கோட. பெற்றோர்களைக் கண்காட்சிக்குக் கூப்பிடுறதை விட்டுட்டு, சோதிச்சுப் பார்க்கிற நாளைக்குக் கூப்பிடுறேன். நாலஞ்சு அம்மாக்கள் வர்றாங்க. அவர் இன்னும் வரலை. வேலை நாள், கூலி போயிடும்.

அடுத்த வாரம் ரெண்டாம் வகுப்புக்குப் பாலம். தீக்குச்சியும் வால்டியூபும் வச்சு. இந்த யோசனை என்னோடது இல்லை. ஐஐடி கான்பூர்ல படிச்சுட்டு 1978-ல மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்துக்குப் போன அரவிந்த் குப்தாவோடது. சைக்கிள் வால்டியூபைத் துண்டு துண்டா வெட்டி, அதுல தீக்குச்சியைச் செருகினா மூட்டு ரெடி. சதுரம் பண்ணினா சாயும், முக்கோணம் சாயாது. தீக்குச்சி முனையில இருக்கிற மருந்தைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் கொடுக்கணும். ஐடி கார்டு கயிறை வெட்டினவனோட தம்பி இந்த வகுப்புலதான் இருக்கான்.

வால்டியூப் விக்கிற சைக்கிள் கடைதான் இப்போ தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. வட சென்னைப் பக்கம் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.