மலைப்பாதையில் துவிச்சக்கர வண்டி



மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்குச் செல்லும் வீதியை உங்களிற் பலர் பஸ் வண்டியின் சாளரத்தின் வழியே கண்டிருப்பீர்கள். மிளகுக் கொடியும் கராம்பும் கொக்கோவும் நிழல் செய்யும் தோட்டங்களினூடே தொடங்கி, தேயிலை மலைகளைச் சுற்றி வளைந்து, ஈற்றிலே காற்றும் புகாரும் ஆட்சி செய்யும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் முதுகில் ஏறி நிற்கும் வீதி அது. மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ரிவர்ஸ்டனோ ஆயிரம் மீற்றருக்கும் மேல். அவ்வீதியில் துவிச்சக்கர வண்டியிலே சென்றேன் என்று நான் கூறும்போதெல்லாம், "இந்த வயதில் எப்படி ஐயா ஏறினீர்கள்?" என்றே கேட்பவர்கள் வினவுகிறார்கள். "எப்படி இறங்கினீர்கள்?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. உண்மையிற் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இன்றைய என் பேச்சும் அதைப் பற்றியதே.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோருக்கு எரிபொருள் வழங்குவது நிறுத்தப்பட்டது. பாடசாலைகள் மூடப்பட்டன, மீண்டும் திறக்கப்பட்டபோதும் வாரத்திற் சில நாட்களே நடைபெற்றன. என் மோட்டார் சைக்கிள் திண்ணையோரத்தில் தூசு படிந்து நின்றது. பாடசாலைக்குப் போயாக வேண்டுமே! புதிய துவிச்சக்கர வண்டியின் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே, ஜப்பானிலே பாவித்து இங்கு இறக்குமதியான பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். பருத்த டயர், நேரான கைபிடி, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் அதிர்வைத் தாங்கும் சுருள்வில், முன்னே மூன்றும் பின்னே ஏழுமாகப் பற்சக்கரங்கள். மூவேழ் இருபத்தொரு கியர்! இத்தனை எதற்கு என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. கலைப்பட்டதாரிக்குப் பற்சக்கரத்தோடு என்ன உறவு?

ஆனால் கணக்கு எளிது. நம் ஊர்களில் ஓடும் சாதாரண வண்டி ஒன்றில் மிதியோடு சேர்ந்த சக்கரத்துக்கு 44 பல், பின்சக்கரத்துக்கு 18 பல் என்று கொள்வோம். மிதி ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி ஐந்து மீற்றர் முன்னேறும். சமநிலத்தில் இது நன்று. ஏற்றத்திலோ, ஒரே மிதியில் ஐந்து மீற்றர் ஏறு என்று முழங்காலுக்குக் கட்டளையிடுவது கொடுமை. என் வண்டியில் முன்னே மிகச் சிறியதற்கு 28 பல். பின்னே மிகப் பெரியதற்கும் 28 பல். மிதி ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. இரண்டு மீற்றர் மட்டுமே நகர்வோம். ஆயினும் மூச்சு வாங்காமல் நகர்வோம். கியரை ஏற்றம் தொடங்குமுன்னரே மாற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றத்தின் நடுவே முழுப் பலத்தோடு மிதித்தபடி மாற்றினால் சங்கிலி முனகும். சில வேளைகளில் அறுந்தும் விடும். இதை நான் உக்குவளைப் பக்கத்து ஏற்றம் ஒன்றிலே சங்கிலியை அறுத்துக்கொண்டு கற்றேன். அன்று மூன்று கிலோமீற்றர் நடந்தேன். ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவே போதும். ஏற்றத்தில் தவறு செய்தவன் நடந்து போவான். இறக்கத்தில் தவறு செய்தவனின் நிலை வேறு.

அவ்வாண்டில் வண்டி வாங்கியவன் நான் ஒருவன் மட்டுமல்லன். வீட்டுக் கோடியிற் கிடந்த பழைய வண்டிகளெல்லாம் வெளியே வந்தன. எங்கள் பாடசாலை ஒரு சரிவின் அடியில் இருக்கிறது. மேலேயுள்ள தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் காலையில் அவ்வண்டிகளிலே பறந்து வருவார்கள். அவற்றுட் பலவற்றுக்குப் பிரேக் கிடையாது. கட்டை தேய்ந்திருக்கும், அல்லது கம்பி அறுந்திருக்கும். வேகத்தைக் குறைக்க அவர்கள் ஓர் உபாயம் வைத்திருந்தார்கள். காலைப் பின்னே நீட்டிச் செருப்பின் அடியைப் பின்டயரில் அழுத்துவார்கள். "கிரீச்" என்று ஓர் ஒலி எழும். வண்டி வாயிலருகே நிற்கும். வாயிலில் நின்ற நான் அதைக் கண்டு சிரித்திருக்கிறேன். பிள்ளைகளின் சாமர்த்தியம் என்று ஆசிரியர்களிடம் மெச்சியும் இருக்கிறேன்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ஒன்பதாம் தரத்து மாணவன் ஒருவன் அவ்வாறே இறங்கி வந்தான். நனைந்த டயரிற் செருப்பு வழுக்கியது. வாயிலருகே சிறு பிள்ளைகள் வரிசையாக நின்றனர். அவர்கள்மேல் மோதாதிருக்க வண்டியைத் திருப்பி மதகின் சுவரில் மோதினான். காறை எலும்பு முறிந்தது. தலை தப்பியது தெய்வச்செயல். வைத்தியசாலை வாயிலில் அவனுடைய தாயார் என்னைப் பார்த்து அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "தினமும் பார்த்துக்கொண்டுதானே நின்றீங்க, சேர்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. பிள்ளைகளின் தலைமயிரையும் சப்பாத்தையும் கழுத்துப்பட்டியையும் நாள் தவறாது பார்ப்பவன் நான். அவர்களின் பிரேக்கைப் பார்த்ததில்லை.

அதன் பின்னரே இந்த வண்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். மலைச் சைக்கிள் என்பது மலை ஏறுவதற்காகப் பிறந்ததென்று எண்ணியிருந்தேன். அது பிறந்தது இறங்குவதற்காக. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் என்னும் பகுதியில், 1970களில் சில இளைஞர்கள் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் செய்யப்பட்ட பழைய பருத்த டயர் வண்டிகளை மலையுச்சிக்குக் கொண்டு சென்று, மண்பாதையிலே கீழ்நோக்கி ஓட்டினார்கள். 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அங்கே முதற் பந்தயம் நடந்தது. அவ்வண்டிகளுக்கு இருந்தது மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளே பிடிக்கும் பிரேக். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் குடத்திலிருந்த கிறீஸ் வெந்து புகையாய்ப் போய்விடும். மீண்டும் இறங்குவதாயின் குடத்தைக் கழற்றிப் புதிய கிறீஸ் அடைக்க வேண்டும். ஆகவே அப்பந்தயப் பாதைக்கே "ரீபேக்", அதாவது "மீண்டும் அடை" என்று பெயராயிற்று. அடுத்த ஆண்டு, 1977இல், அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் என்பவர் இதற்கெனவே புதிதாக வண்டிச்சட்டம் செய்தார். 1979இல் கேரி பிஷரும் சார்லி கெல்லியும் இத்தகைய வண்டிகளை விற்கத் தொடங்கினர். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவும் இடம்பெற்றது. புகழ் எவ்வளவு பெருகினும் அதன் மூலத்திலே இருப்பது வெந்துபோன ஒரு பிரேக்.

பிரேக் ஏன் வேகிறது? எங்கள் விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஆளும் வண்டியுமாகத் தொண்ணூறு கிலோகிராம் என்று கொள்ளுங்கள். 350 மீற்றர் உயரம் இறங்கினால், காற்று தாங்கிக்கொள்வதை நீக்கிப் பார்க்க, அந்த இறக்கத்தின் சக்தி ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமாம். தேநீர்க் கேத்தல் ஒன்றைக் கொதிக்கவைக்கும் வெப்பம் பெருவிரல் அளவான இரண்டு சோடி இரப்பர்க் கட்டைகளிலும் சக்கர விளிம்பிலும் இறங்குகிறது! ஒரு செருப்பால் அதைத் தாங்க முடியுமா?

தேர் இழுக்கும் ஊரார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. எங்கள் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் மாசிமகத்தையொட்டி ஐந்து தேர்கள் பவனி வருவதை நீங்கள் அறிவீர்கள். தேர்வடம் பிடிக்க ஆயிரம் கைகள் வரும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவதற்கோ பழகிய சிலரை மட்டுமே விடுவார்கள். நாம் இன்று "முட்டுக்கட்டை" என்னும் சொல்லை இகழ்ச்சியாகவே வழங்குகிறோம். அச்சொல்லுக்கு நாம் செய்த அநீதி அது.

நான் வகுத்த ஏற்பாடு மிகச் சிறியது. திங்கட்கிழமை காலை, பிரார்த்தனைக்கு முன், வண்டியில் வரும் பிள்ளைகள் வண்டிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவர். நகரத்தில் வண்டி திருத்தும் முதியவர் ஒருவர் முதல் இரண்டு வாரமும் வந்து கற்றுத் தந்தார். பிரேக் பிடியை முழுப் பலத்தோடு அழுத்தினாலும் அது கைபிடியைத் தொடக் கூடாது. கட்டை சக்கர விளிம்பிலேயே படிய வேண்டும். சற்று மேலேறி டயரில் உரசினால் டயர் கிழியும். கட்டையில் உள்ள பள்ளக் கோடுகள் மறைந்துவிட்டால் அதை மாற்றவேண்டும். கம்பி பெரும்பாலும் பிடியருகிலேதான் இழை இழையாக அறத் தொடங்கும், அங்கே பார்க்கவேண்டும். முன்பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று பயந்து அதைக் கழற்றி எறிந்திருந்த பிள்ளைகள் பலர். இறக்கத்தில் உடற்பாரம் முன்னே சாய்வதால் வண்டியை நிறுத்தும் வலிமை பெரும்பாலும் முன்சக்கரத்துக்கே உண்டு. அதை நீக்குவது வலக்கையைக் கட்டிவிட்டு உழச் செல்வது போலாகும். உடலைப் பின்னுக்குச் சாய்த்து, மெல்ல மெல்ல அழுத்தப் பழக்கினோம்.

சங்கிலியின் தேய்வை அறிய முதியவர் கூறிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் அரை அங்குலம். ஆகவே இருபத்துநான்கு கணு சரியாக ஓர் அடி. பாடசாலை அடிமட்டத்தை ஓர் ஊசியின் நடுவில் வைத்தால் மறுமுனை இன்னோர் ஊசியின் நடுவில் விழவேண்டும். அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தள்ளி விழுந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளி விழுந்தால் பற்சக்கரத்தையும் சேர்த்தே தின்றுவிட்டது என்று பொருள். கணிதத்தை வெறுக்கும் பிள்ளைகளும் இப்போது பின்னம் பேசுகிறார்கள். எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல்: தேங்காயெண்ணெய் பசையாக இறுகும், கராஜில் கிடைக்கும் கழிவெண்ணெய் அழுக்கையும் மணலையும் கூட்டி வரும். தையல் இயந்திர எண்ணெய் சில துளி இட்டு, மேலே கசிந்ததைப் பழந்துணியால் துடைத்துவிட வேண்டும். அத்துணி மறந்தும் பிரேக் படும் விளிம்பைத் தொடக் கூடாது.

அடுத்த ஆண்டு மாசி மாதத்தில், மழையற்ற ஒரு சனிக்கிழமை, இளம் ஆசிரியர்கள் மூவருடன் ரிவர்ஸ்டனுக்குப் புறப்பட்டேன். இரத்தோட்டைக்கு அப்பால் டயர் காற்றிழந்தது. டியூபைக் கழற்றி ஒட்டுப் போட்டுக் காற்றடித்துப் புறப்பட்டோம்; கால் மணி நேரத்தில் மீண்டும் இழந்தது. டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க மறந்திருந்தேன். முள் அங்கேயே இருந்து, புதிய துளையிட்டிருந்தது. மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாயின; காற்று வண்டியைப் பக்கவாட்டிலே தள்ளியது. நீர் ஊறும் இடமொன்றில் சிறிது நின்றதற்கே அட்டைகள் காலில் ஏறின. உப்புத் துணி கைகொடுத்தது. மலைத்தொடரின் மேற்கே ஈரக் காடும் கிழக்கே இலுக்கும்புரப் பக்கமாக விரியும் பத்தனைப் புல்வெளியும் ஒரே பார்வையிலே தெரியும் அவ்விடத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். காட்டுக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் நாங்கள் வண்டியை இறக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட வனம் அது; 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. பூட்டிக்கொண்ட சக்கரம் வழுக்கிச் செல்லும் பாதையில் முதல் மழைக்கே மண் அரிக்கும்.

பின்னர் இறங்கினோம். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற கால்கள் ஏற்றத்திற்கு அஞ்சவில்லை, இறக்கத்திற்கு அஞ்சின. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குவது தவறு. வெப்பம் ஆற இடமிராது. வளைவுக்கு முன் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவிலே விட்டு, நேர்ப்பாதையில் ஆறவிட்டு இறங்கினோம். மூன்றிடங்களில் நிறுத்திச் சக்கர விளிம்பின்மேல் ஒரு துளி நீர் விட்டுப் பார்த்தேன். முதலிடத்தில் அது "சுர்" என்றது. அங்கே தேநீர் அருந்தும் நேரம் மட்டும் காத்திருந்தோம். பஸ் ஒன்று எங்களைக் கடந்து சென்றபோது பயணிகள் கையசைத்தார்கள். நாங்கள் அசைக்கவில்லை. எங்கள் இரு கைகளுக்கும் வேலை இருந்தது.

காறை எலும்பு முறிந்த மாணவன் மூன்று மாதங்களின் பின் மீண்டும் வண்டியில் வந்தான். அவனுடைய தாயாரின் சம்மதத்தைப் பெற நான் இருமுறை தோட்டத்துக்குச் செல்ல நேர்ந்தது. திங்கட்கிழமைச் சோதனையில் பிரேக் பார்க்கும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். கண்டிப்பானவன், நண்பனுக்கும் சலுகை காட்டமாட்டான். சென்ற தவணையில் ஒரு நாள், வரிசையின் கடைசியில் நின்ற என் வண்டியின் பின்பிரேக்கை அழுத்திப் பார்த்தான். குனிந்து கட்டையை ஒரு விரலால் தடவினான். "கோடு போய்விட்டது, சேர். இதில் நீங்கள் இறங்க முடியாது" என்றான். அன்று மாலை, எல்லாரும் பார்த்திருக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு சென்றேன்.