நரகம் என்னும் ஒரு சொல்

பத்தாண்டு நிறைவு விழாவில் பேசுவதற்குரிய பொருளா நரகம் என்று அழைப்பிதழைக் கண்ட அன்பர்கள் சிலர் வினவினர். மங்கல நாளில் அமங்கலப் பேச்சு வேண்டாமே என்றும் ஒருவர் அன்போடு சொன்னார். ஆயினும் இவ்வட்டத்தில் படிக்கப்படும் கவிதைகளில் அடிக்கடி தலைகாட்டும் சொற்களுள் நரகமும் ஒன்று. பேருந்து நெரிசல் நரகம்; கோடை நரகம்; பிரிவு நரகம்; அலுவலகமும் நரகமே. இத்தனை எளிதாகக் கையாளப்படும் அச்சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்ப்பதில் தவறில்லை என்று எண்ணுகிறேன்.

தமிழில் ஒரு விந்தை உண்டு. கருட புராணத்தின் தமிழாக்கத்திலும் நரகம். கிறித்தவத் திருமறையின் தமிழாக்கத்திலும் நரகம். குர்ஆனின் தமிழ் விளக்கங்களிலும் நரகம். சமணர் உரைகளிலும் நரகம். சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றே என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் இவை ஒன்றோடொன்று ஒட்டாத உலகங்கள். திருமறையை மொழிபெயர்த்தோர் இதனை உணர்ந்தே இருந்தனர் போலும். இறந்தோர் அனைவரும் சென்று சேரும் இடத்தைப் பாதாளம் என்றும், தண்டனைக்குரிய இடத்தை எரிநரகம் என்றும் பிரித்து வைத்தனர். அந்த வேறுபாட்டைப் படிப்போர் பலர் கவனிப்பதில்லை.

நம் பழைய நூல்களிலிருந்து தொடங்குவோம். புறநானூற்றின் ஐந்தாம் பாட்டில் நரிவெரூஉத்தலையார் சேர மன்னன் ஒருவனுக்கு அறிவுரை கூறுகிறார். அருளையும் அன்பையும் துறந்து நிரயத்தைத் தமதாக்கிக்கொள்வாரோடு சேராதே, குழந்தையை வளர்ப்பார் போல நாட்டைக் காப்பாயாக என்பது அதன் கருத்து. நிரயம் எப்படி இருக்கும் என்று புலவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எண்ணெய்க் கொப்பரை இல்லை, இரும்பு உலக்கை இல்லை. அதிகாரத்தில் இருப்பவன் முன் நின்று அச்சொல்லை உச்சரித்ததே போதும் என்று விட்டுவிட்டார்.

திருக்குறளுக்கு வருவோம். வள்ளுவர் நரகம் என்னும் சொல்லை ஆளவில்லை. அவர் ஆள்வன மூன்று படிமங்கள். அடக்கமில்லாதவனை 'ஆரிருள்' கொள்கிறது. அழுக்காறு ஒருவனைத் தீயினிடத்துச் செலுத்துகிறது. மூன்றாவது 'அளறு', 255, 835, 919 ஆகிய மூன்று குறள்களில் இது வருகிறது. அளறு என்றால் சேறு. நிகண்டு கூறும் எழுவகை நரகங்களுள் அள்ளல் என்பதும் ஒன்று. அதற்கும் பொருள் சேறே.

இருளையும் நெருப்பையும் உலகின் பல சமயங்களில் காணலாம். சேற்றை நான் தனியே எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். சேற்றில் விழுந்தவனை அமிழ்த்த வேறொருவன் வேண்டியதில்லை. அவன் எடையே அவனை இழுக்கும். எழ முயலும் ஒவ்வொரு அசைவும் இன்னும் ஒரு சாண் ஆழ்த்தும். 835ஆம் குறளில் பேதை தான் ஏழு பிறப்பும் அழுந்துதற்குரிய அளற்றை ஒரே பிறப்பில் தானே செய்துகொள்கிறான். அங்கே தீர்ப்பளிப்போன் இல்லை, தண்டிப்போன் இல்லை. நடவு வயலில் கால் வைத்துப் பழகிய மக்களின் மொழியில் பிறந்த நரகம் இது.

வள்ளுவர் இன்ன சமயத்தார் என்று வாதிடுவது என் நோக்கமன்று. அவ்வழக்கு முடியாத வழக்கு. ஆயினும் சமணரின் நரகக் கொள்கை இதற்கு அருகில் நிற்பதை மறுக்க இயலாது. சமணர் கூறும் ஏழு நிலங்களுள் ஒன்றின் பெயர் பங்கப்பிரபை, அதாவது சேற்றின் ஒளி. மற்றொன்று தூமப்பிரபை, அது புகையின் ஒளி. இன்னொன்று தமப்பிரபை; இருளின் ஒளி என்று பொருள். இருளுக்கு ஒளி என்று பெயரிட்டவன் கவிஞனாகத்தான் இருக்க வேண்டும்! அங்கே யமனது நீதிமன்றமும் சித்திரகுப்தனின் ஏடும் இல்லை. வினையின் பாரமே உயிரைக் கீழே இறக்குகிறது. அவ்வினை கழிந்ததும் உயிர் மேலேறுகிறது. காலம் கணக்கிலடங்காத நீளமுடையது, எனினும் முடிவுடையது. மகாவீரரின் அடியவனான சிரேணிக மன்னன் முதல் நரகில் இருக்கிறான் என்றும், வரும் ஊழியின் முதல் தீர்த்தங்கரன் அவனே என்றும் சமணர் நம்புகின்றனர். நரகத்தில் இருப்பவனை வருங்கால அருகனாக வணங்கும் சமயம் அது.

கம்பனில் தோய்ந்த நமக்குச் சமண இராமாயணம் திடுக்கிட வைப்பது. அங்கே இராவணனைக் கொன்றவன் இலக்குவன். ஆகவே கொன்றவனும் கொல்லப்பட்டவனும் இருவருமே நரகம் புகுகின்றனர். அங்கும் போர் ஓயவில்லை. வானுலகில் இந்திரனாகப் பிறந்த சீதையின் உயிர் இரக்கம் மேலிட்டுக் கீழிறங்கி வருகிறது. பகையை விடுங்கள் என்று இருவரையும் தேற்றுகிறது. பின் அவர்களைத் தூக்கிச் செல்ல முயல்கிறது. கையில் எடுத்த உடல்கள் பாதரசத் துளிகள் போல நழுவி விழுகின்றன என்று பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஹேமசந்திரர் எழுதுகிறார். எங்களை விட்டுப் போய்விடு, நாங்களே அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள். தன்னைக் கவர்ந்தவனைத் தூக்க நீண்ட கை அது. அந்தக் கையாலும் இயலவில்லை.

பௌத்தரிடம் வெப்ப நரகங்கள் மட்டுமன்றிக் குளிர் நரகங்களும் உண்டு. வசுபந்துவின் அபிதர்மகோசம் எட்டினைப் பெயர் சொல்லி எண்ணுகிறது. அவற்றுள் உற்பலம், பதுமம், மகாபதுமம் என்பனவும் உள்ளன. கடுங்குளிரில் உடல் நீலம் பாரித்து ஆம்பல் போலவும், பின் சிவந்து தாமரை போலவும் வெடித்து விரிவதால் வந்த பெயர்கள் இவை. பூக்களின் பெயரை இப்படி ஆளக்கூடும் என்பதை அறிந்த பின் தாமரையை உவமை சொல்வதற்கு எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டாகிறது.

புராணங்களின் பட்டியல்களை விரிக்க நான் விரும்பவில்லை. பாகவதத்தின் ஐந்தாம் கந்தம் இருபத்தெட்டு நரகங்களை எண்ணுகிறது. கருட புராணம் இழவு வீட்டில் படிக்கப்படுவதால் நம் நெஞ்சில் பதிந்திருப்பது அதுவே. இன்ன குற்றத்துக்கு இன்ன வதை என்று அடுக்கும் அப்பகுதிகளில் தண்டனைச் சட்டத் தொகுப்பின் ஒழுங்கு உண்டு. அச்சமும் உண்டு. கவிதை குறைவு என்பது என் துணிபு.

இனி ஒரு மயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிலிந்த மன்னன் நாகசேனரிடம் ஒரு கேள்வி கேட்கிறான். நரகத்தின் நெருப்பு ஒரு பெரும்பாறையையே நொடியில் கரைத்துவிடும் என்கிறீர். அப்படியானால் அங்கே பல்லாயிரம் ஆண்டு கிடக்கும் உயிர் மட்டும் எவ்வாறு கரையாமல் இருக்கிறது? நாகசேனர் விடை கூறுகிறார்: பெண் முதலையும் பெண் மயிலும் கல்லை விழுங்கினால் வயிற்றில் அது செரித்துப்போகிறது, அதே வயிற்றில் உள்ள கரு செரிப்பதில்லை, வினை அதனைக் காக்கிறது. இதே கேள்வி மேற்றிசையிலும் எழுந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் இருபத்தோராம் பகுதியில் இதனை எடுத்துக்கொள்கிறார். கார்த்தேஜ் நகரில் தமக்குப் பரிமாறப்பட்ட சமைத்த மயிலின் இறைச்சியில் ஒரு துண்டை எடுத்து வைக்கச் செய்ததாகவும், ஓராண்டு கழிந்த பின்னும் அது சற்றுச் சுருங்கியதன்றிக் கெடவில்லை என்றும் சொல்கிறார். மயிலிறைச்சி அழியாதிருக்கக்கூடுமானால், எரிந்தும் அழியாத உடல் ஏன் இருக்கக் கூடாது என்பது அவர் வாதம்.

கேள்வி ஒன்று, சாட்சிக்கு வந்த பறவையும் ஒன்று. முடிவு மட்டும் நேர் எதிரானது. நாகசேனரின் உயிர் வினை தீரும் வரையில்தான் அழியாதிருக்கிறது. அகுஸ்தீனின் உடலுக்குத் தீர்வே இல்லை. சமயங்கள் நரகத்தைப் பற்றி வேறுபடுவது நெருப்பா பனியா சேறா என்பதில் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பிளவு இங்கேதான் இருக்கிறது. உள்ளே போனவன் வெளியே வருவானா?

இவ்வினாவில் கிழக்கு ஒரு பக்கம், மேற்கு ஒரு பக்கம் என்று கோடு போட்டுவிடவும் முடியாது. யூதர் மரபில் கெகின்னோம் என்பது எருசலேமை அடுத்த இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரால் வந்தது. பிள்ளைகளை நெருப்பில் பலியிட்ட பழியைச் சுமந்த இடம் அது. அங்கே பெரும்பாலோர்க்குத் தண்டனைக் காலம் பன்னிரண்டு மாதமே. பெற்றோர்க்காக மகன் சொல்லும் கதீஷ் வழிபாட்டைப் பதினொரு மாதத்தோடு நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. பன்னிரண்டு மாதமும் சொன்னால், தன் தந்தை முழுத் தண்டனைக்கும் உரிய கொடியவர் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் அன்றோ! ஒரு மாதத்தில் அடங்கிய இந்த மகனன்பை எண்ணி வியக்கிறேன்.

கிறித்தவரிலும் மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகன், இறுதியில் அனைத்தும் இறைவனிடம் மீளும் என்று கருதினார். அவர் பெயரால் வழங்கிய கொள்கைகள் ஆறாம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்டன. அகுஸ்தீனின் வழியே பெருவழியாயிற்று. ஏழாம் நூற்றாண்டில் நினிவே நகர் ஆயராயிருந்த ஈசாக்கு என்னும் சிரிய மொழித் துறவியோ, நரகில் இருப்போரை வதைப்பது அன்பின் சாட்டையே என்றார். அன்புக்குச் செய்த துரோகத்தை உணரும் வேதனை அது. 1999 ஜூலையில் போப் இரண்டாம் ஜான் பால், நரகம் ஓர் இடம் என்பதைவிட இறைவனிடமிருந்து தாமே முற்றாகப் பிரிந்துகொண்டோரின் நிலை என்று விளக்கினார். இசுலாத்தில் மறுப்போர்க்கு நரகம் முடிவற்றது என்பதே பெரும்பான்மைக் கொள்கை. எனினும் பதினான்காம் நூற்றாண்டின் இப்னு கய்யிம், இறைவனின் கருணை மிகுதியால் நரகமே ஒருநாள் அற்றுப்போகும் என்னும் கருத்துக்குரிய வாதங்களை விரிவாக எழுதியுள்ளார். மறுபுறம் நம் பாரதத்திலேயே மத்துவர், மீளாத அந்தகாரத்துக்கே உரிய உயிர்கள் உண்டு என்று கூறினார். முடிவற்ற நரகம் கடல் கடந்து வந்த சரக்கு என்று சொல்வோர் இதனைக் கருத வேண்டும்.

முடிவற்றது என்றால் வேறொரு வினா எழுகிறது. மேலே இருப்பவர்கள் எப்படி நிம்மதியாக இருப்பார்கள்? தாமஸ் அக்வினாஸின் இறையியல் பெருநூலுக்கு அவர் மறைவுக்குப் பின் தொகுக்கப்பட்ட பிற்சேர்க்கை இதற்கு விடை தருகிறது: வீட்டுலகத்தார் நரகத்தின் துன்பத்தைக் காண்பர்; அவர்தம் இன்பம் அதனால் குறைவதில்லை. தருக்கம் பிழையற்றது. ஏற்க நெஞ்சு மறுக்கிறது.

மகாபாரதத்தின் இறுதியில் தருமன் சுவர்க்கம் சேர்கிறான். அங்கே துரியோதனன் வீற்றிருக்கக் காண்கிறான், தம்பியரைக் காணவில்லை. தேவதூதன் இருளும் நாற்றமும் நிறைந்த வழியில் அழைத்துச் செல்கிறான். தாங்காமல் தருமன் திரும்பும்போது குரல்கள் எழுகின்றன: சற்று நில், உன் மேனி தொட்டு வரும் காற்று எங்களுக்கு இதமாயிருக்கிறது. யார் நீங்கள் என்கிறான். கர்ணன், பீமன், அருச்சுனன், திரௌபதி என்று ஒவ்வொரு பெயராக வருகிறது. நீ போ, நான் இங்கேயே இருக்கிறேன் என்று தூதனிடம் சொல்லிவிடுகிறான். அதன்பின் எல்லாம் மாயை என்று விளக்கம் வருகிறது, வரட்டும். அச்சொல்லைச் சொன்னபோது அவனுக்கு அது மாயை என்று தெரியாது. வில்லிபுத்தூரார் பத்துப் பருவத்தோடு நிறுத்திக்கொண்டதால் இக்காட்சி அவர் தமிழில் நமக்கு வாய்க்காமற் போனது பேரிழப்பு.

எட்டாம் நூற்றாண்டில் பசுரா நகரில் வாழ்ந்த ராபியா அம்மையார் ஒரு கையில் நெருப்பும் மறுகையில் நீருமாகத் தெருவில் நடந்தார் என்பர். சுவர்க்கத்தைக் கொளுத்தவும் நரகத்தை அவிக்கவும் அவை. இனியேனும் இறைவனை அவனுக்காகவே நேசிக்கட்டும் என்றாராம். திருச்சதகத்தில் மணிவாசகரும் இறையருள் உடனிருக்குமானால் நரகத்தையும் இகழேன் என்கிறார். இருவரும் தமக்கும் இறைவனுக்கும் இடையே பேசுகிறார்கள். பிறர்க்காக நரகத்தை ஏற்றவர் நம் நாட்டில் திருக்கோட்டியூரில் நின்றார்.

அவ்வரலாறு நீங்கள் அறிந்ததே. மறைபொருள் பெறத் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் இராமாநுசர். வெளியே சொன்னால் நரகம் என்று ஆணையிட்டுத் திருக்கோட்டியூர் நம்பி அதனை உபதேசித்தார். இராமாநுசர் கோயிலின் மேலேறி நின்று, விழைந்தோர் அனைவர்க்கும் அதனைச் சொன்னார் என்பது குருபரம்பரை மரபு. நான் ஒருவன் நரகம் புக, இத்தனை பேர் உய்வார்களே என்பது அவர் விடை. இன்று மேடைகளில் இதனைச் சீர்திருத்தக் கதையாகவே சொல்கிறோம். நரகம் வெறும் கதை என்று நினைப்பவன் அப்படிச் சொல்லியிருந்தால் அதில் வியப்பில்லை; அவனுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. இராமாநுசர் நரகத்தை நம்பியவர். ஆசாரியனின் ஆணை பலிக்கும் என்றும் நம்பியவர். கண்ணெதிரே அதனைக் கண்டுகொண்டே மேலேறினார். நெரிசலையும் வெயிலையும் நரகம் என்று எழுதும் நம் பேனாவில் அந்த எடை இருக்கிறதா என்பதைக் கவிஞர் பெருமக்களே சொல்ல வேண்டும்.

செய்தி அறிந்து சினத்தோடு அழைத்த நம்பி, விடையைக் கேட்டதும் அவரைத் தழுவிக்கொண்டு, இவரே எம்பெருமானார் என்றார். வைணவர் இராமாநுசரை இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றனர்.