மித்தி ஆற்றங்கரையும் கிறித்தவர் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்து மேடையில் சமயம் பேசுதல் தகுமோ என்று முதலில் தயங்கினோம். "மண்ணையும் நீரையும் பற்றி உங்கள் திருமறை என்ன சொல்கிறது? எங்களுக்கும் பயன்படுமே" என்று செயலாளர் அன்புடன் வற்புறுத்தினார். ஆதலின் இப்போது கூறப்போவது மதபோதனை அன்று. எங்கள் வீட்டுக் கணக்கை நீங்கள் எல்லீரும் காண விரித்து வைக்கிறோம், அவ்வளவே.

நம் குடிசைகளுக்கு எதிரே, சயான் பாந்திரா இணைப்புச் சாலைக்கு அப்பால், 37 ஏக்கர் பரப்பில் ஒரு காடு இருக்கிறது. மகாராட்டிர இயற்கைப் பூங்கா என்பது அதன் பெயர். 1994ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறந்து விடப்பட்ட அவ்விடம், அதற்கு முன்னர் நகரத்தின் குப்பை மேடாக இருந்தது என்பதை நம் முதியோர் அறிவர். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து சென்ற இடத்தில் இன்று பறவை பாடுகிறது, பட்டாம்பூச்சி பறக்கிறது. பாழான மண்ணும் மீளும் என்பதற்குத் தொலைவிலே சான்று தேட வேண்டுவதில்லை.

ஆனால் அப்பூங்காவை ஒட்டி ஓடும் மித்தி ஆறு இன்னும் மீளவில்லை. விகார் ஏரியும் போவாய் ஏரியும் நிரம்பி வழியும் நீரே அவ்வாறு. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, குர்லாவையும் கலினாவையும் கடந்து, நம் தாராவியைத் தழுவி, மாகிம் கழியில் கலக்கிறது. கோலியர் ஒரு காலத்தில் மீன் பிடித்த நீர் அது. இன்று அதனை ஆறு என்று நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்கள் நகைக்கிறார்கள். சாக்கடை என்றே அதனை அறிவார்கள்.

2005ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 26ஆம் நாளை இவ்வவையில் மறந்தவர் எவரும் இரார். சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டரே. கடல் ஏற்றமும் உடன் சேர்ந்தமையால், போக வழியின்றி மித்தி பின்வாங்கி நம் சந்துகளுள் நுழைந்தது. பெட்டிகளையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் பரணில் ஏற்றிவிட்டு, மார்பளவு நீரில் நின்றோம். அப்போது "இது நோவாவின் வெள்ளம், ஆண்டவரின் சினம்" என்று எங்களுள் சிலர் கூறினர். அக்கூற்றை இன்று ஒப்ப இயலவில்லை. ஆற்றின் படுகையை மண்ணிட்டுத் தூர்த்து மாளிகை எழுப்பியதும், அலையாத்திக் காட்டை வெட்டியதும், விமான ஓடுபாதைக்காக ஆற்றை வளைத்து ஒடுக்கியதும், வடிகால்களை நெகிழிப் பைகளால் அடைத்ததும் மனிதர் செய்த வேலை. தம் குற்றத்தை ஆண்டவர் தலையில் ஏற்றுவது பக்தி ஆகாது.

எங்கள் மீது சுமத்தப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. அதனையும் மறைத்தல் கூடாது. லின் ஒயிட் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். உலகத்தை ஆளும் உரிமை மனிதனுக்கு வழங்கப்பட்டது என்ற கிறித்தவக் கொள்கையே இயற்கையின் அழிவுக்கு வித்து என்பது அவர் வாதம். வாதத்தை முழுதும் ஏற்க வேண்டுவதில்லை. அவ்வசனத்தை அவ்வாறே தவறாகப் படித்தவர் பலர் இருந்தனர் என்பதை மட்டும் ஒப்பத்தான் வேண்டும். ஆளுதல் பற்றிப் பேசும் அதே ஆதியாகமம், அடுத்த அதிகாரத்தில், மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதனைப் பேணிக் காப்பதற்காகவே என்கிறது. உபாகமமோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. பகைவனின் கோட்டையை முற்றுகையிட்டிருக்கும் போர்க்காலத்திலும் கனி தரும் மரத்தைக் கோடரியால் வெட்டலாகாது என்று விலக்குகிறது. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாது ஓய விடுக என்பது லேவியராகமத்தின் கட்டளை. நிலத்திற்கும் ஓய்வு நாள் உண்டு என்று எண்ணியவர்கள் அம் முன்னோர்.

இவ்வழியில் நடந்தவர்களும் உளர். இதே பம்பாயில், தூய சேவியர் கல்லூரியில், பிளாட்டர் அடிகளார் திரட்டத் தொடங்கிய உலர்செடித் தொகுப்பு இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. அவருக்குப் பின் வந்த சந்தப்பாவு அடிகளார், இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் தலைவராகவும் பணியாற்றினார். திருச்சிராப்பள்ளியில் மத்தேயு அடிகளார் தமிழகக் கருநாடகப் பகுதியின் செடி கொடிகளை ஆராய்ந்து பெருநூல்கள் இயற்றினார். செபமாலையும் செடிப் பெட்டியுமாக மலை ஏறிய இத்துறவியர், படைத்தவனை வணங்குவதற்கும் படைப்பை அறிவதற்கும் இடையே சுவர் எழுப்பவில்லை. 2015இல் போப்பாண்டவர் பிரான்சிசு, நம் பொது இல்லமாகிய பூமியைப் பற்றிச் சுற்றுமடல் விடுத்தார். பூமியின் ஓலமும் ஏழையின் ஓலமும் ஒன்றே என்பது அதன் உட்கிடை. வெள்ளம் வந்தபோது எவர் வீட்டில் நீர் புகுந்தது என்று எண்ணிப் பார்த்தால் அதன் பொருள் தாராவி மக்களுக்கு எளிதில் விளங்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தூய்மை பற்றி ஏழைக்கு உபதேசம் செய்வது வெளியாருக்கு எளிது. நகரம் எறியும் நெகிழியைப் பொறுக்கி, வகை பிரித்து, மீண்டும் பொருளாக்குவது நம் பதின்மூன்றாம் காம்பவுண்டில் நாள்தோறும் நடக்கிறது. புகையும் தூசியும் அத்தொழிலாளரின் மார்பில் தங்குகின்றன. தூய்மையின் பெருமை மட்டும் மற்றவர்க்குப் போகிறது. அதே வேளையில் நம் முன்னோரையும் நினைக்கிறோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டுப் பிழைத்தவர்கள் அவர்கள். ஊரிலே ஆவாரம் பட்டை கொண்டு பதனிட்ட முறை போய், பின்னாளில் குரோமிய உப்பு வந்தது; கழிவெல்லாம் கழியிலே கலந்தது. அதனை நடத்தியவர்களுள் எங்கள் சபையாரும் உண்டு. உண்டியல் நிரம்பியதில் அப்பணமும் உண்டு.

இனி, எங்கள் வீட்டுக் கணக்கின் கடைசிப் பக்கம். அசனப் பண்டிகை என்பது நெல்லைக் கிறித்தவர் அனைவரும் அறிந்த ஒன்று. பேதமின்றி எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் நாள் அது. சில ஆண்டுகளுக்கு முன் அப்பந்தி முடிந்த மாலையில், தெர்மாக்கோல் தட்டுகள் மூட்டை மூட்டையாக ஆலயத்தின் பின்புறச் சாக்கடை ஓரம் கிடந்தன. இரவில் மழை. காலையில் ஒரு தட்டும் இல்லை. எங்கே போயின என்று கேட்டவர் எவரும் இல்லை. கேளாதவர்களுள் நாமும் இருந்தோம். 2018இல் அரசு அத்தட்டுகளைத் தடை செய்த பின்னரே எங்களுக்கு நாணம் வந்தது. திருமறை கூறியபோது வராத நாணம் அபராதத்துக்கு அஞ்சி வந்தது!

எவர்சில்வர் தட்டு வாங்கலாம் என்றால், ஆயிரம் தட்டுகளைக் கழுவ நீர் எங்கே? குழாயில் நீர் வரும் சில நாழிகையில் வீட்டுக் குடத்தை நிரப்புவதே பெரும்பாடு. வாழையிலை என்றால் மாட்டுங்கா அங்காடியில் அன்றைய விலை என்ன என்று பொருளாளர் கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயமே. ஈராண்டு விவாதித்து, இவ்வாண்டு இலையே போடுவது என்றும், கூடுதல் செலவுக்காகக் குழம்பில் ஒரு வகையைக் குறைப்பது என்றும் முடிவு செய்துள்ளோம். எந்த வகையைக் குறைப்பது என்பதில் தாய்மார்களிடையே இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. எச்சில் இலைகளை மட்கச் செய்ய, ஆலய வளாகத்தின் கிழக்கு மூலையில் இளைஞர் குழி வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்றடி ஆழத்தில் அவர்கள் முதலில் கண்டெடுத்தவை பழைய நெகிழிப் பைகள். பந்தி நாளன்று சங்கத்தார் அனைவரும் வருக; குழியையும் காணலாம்.