மருந்துக்கும் வாகனம்

(மங்கலத்தில் பேசியதன் சுருக்கம்)



எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். ஆனால், உங்கள் பக்கத்துச் சலவைப்பட்டறையில் தினமும் நடப்பதென்ன? பனியன் துணியில் ஏறிய மிஷின் எண்ணெயைச் சவக்காரம் தண்ணீரோடு சேர்த்து அனுப்பிவிடுகிறதா இல்லையா? சவக்காரத்தின் ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறு முனை தண்ணீரைப் பற்றும். இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை. சாமிக்கு மயிலும் எலியும் வாகனமென்பார்கள். மருந்துக்கு வாகனம் இந்தச் சங்கதிதான்.

ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றொருவருக்கு வைக்கும் சிகிச்சை 1971-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் வெற்றியாக நடந்தது. ஆனால், வைத்தால் மட்டும் போதுமா? உடம்பு அதை அன்னியமென்று எதிர்க்கும். அதை அடக்க 1980-களில் வழக்கத்துக்கு வந்த மருந்து சைக்ளோஸ்போரின். மண்ணிலுள்ள ஒரு பூஞ்சையில் கண்டுபிடித்தது. அது எண்ணெயில் கரையும்; தண்ணீரில் கரையாது. குடலிலோ தண்ணீர். ஆகவே, சாப்பிட்ட சாப்பாட்டையும் சுரந்த பித்தநீரையும் பொறுத்து, ஒருவருக்கு அதிகமாகவும் மற்றொருவருக்குக் குறைவாகவும் இரத்தத்தில் சேர்ந்தது. குறைந்தால் வைத்த உறுப்பு போய்விடும். மிஞ்சினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதைத் தலையெழுத்தென்று சொல்லியிருந்தால் விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். அறிவாளிகளோ காரணத்தைத் தேடினார்கள்.

எண்ணெயும் தண்ணீரும் சவக்காரம் முதலிய சரக்குகளோடு தக்கபடி சேர்ந்தால், பால்போல் வெளுக்காமல் தெளிவாகவே நிற்குமென்று 1943-ல் ஹோர், ஷுல்மன் என்ற இருவர் எழுதினார்கள். காரணம், துளிகள் அவ்வளவு சிறியவை. ஒரு தலைமயிரின் பருமனுக்குள் பல நூறு துளிகளை வரிசையாக வைக்கலாம். இதற்கு மைக்ரோ எமல்ஷன் என்று பெயர். இந்த முறையில், மக்காச்சோள எண்ணெயிலிருந்தும் ஆமணக்கெண்ணெயிலிருந்தும் செய்த சரக்குகளோடு சைக்ளோஸ்போரினைக் கூட்டில் அடைத்தார்கள். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வயிற்று நீர் பட்டதும் அது தானாகவே நுண்துளிகளாகப் பிரிகிறது. பித்தநீரை முன்போல் எதிர்பார்ப்பதில்லை. மருந்து அதிகமாகவும் சீராகவும் இரத்தத்தில் சேருகிறது.

ஆனால், நாம் எந்த மருந்தையும் கும்பிடச் சொல்லவில்லை. புதியதிலும் அளவு மிஞ்சினால் கெடுதலுண்டு. பெயர் ஒன்றுதானே என்று பழைய மாதிரியையும் புதிய மாதிரியையும் டாக்டரைக் கேளாமல் மாற்றிச் சாப்பிட்டால் உயிருக்கே மோசம். இரத்தப் பரிசோதனையையும் விடக்கூடாது. நேர்த்திக்கடன் அந்த வேலையைச் செய்யாது.

ஆகவே தோழர்களே, ஒட்டாது என்று சொன்னதை நம்பி உட்கார்ந்தவர்களால் ஒரு உயிரும் பிழைக்கவில்லை. ஏன் ஒட்டாது என்று கேட்டவர்களால்தான் பிழைத்தது. நீங்களும் கேளுங்கள் என்பதே நமது விண்ணப்பம்.